நானூற்றுப் பதினேழாவது கை

என் கைக்கு ரெண்டே நாலு அளவு வளையல் சரியாக இருக்கும் என்று அந்த போன் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். ரெண்டே நாலு என்பது பத்தாவது படிக்கிற பெண்பிள்ளைகள் போடுகிற அளவு. எனக்கு ரெண்டே பத்துதான் ஏறும். அதுவும் சோப்புப் போட்டால்.

"என்னக்கா சிரிக்கிறீங்க?" என்று ஆஃப்ரின் கேட்டாள்.

ஆஃப்ரின் எங்கள் முதலாளி ஹபீபுல்லா பாயின் மகள். மலைக்கோட்டைக்குக் கீழே, சின்னக்கடை வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் பாயின் வளையல் மொத்தக்கடை இருக்கிறது. நான் அங்கே ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன். லாரியில் வருகிற பெட்டிகளை மூன்றாம் மாடி குடோனுக்கு ஏற்றுவது, உடைந்த கண்ணாடியைக் கூட்டி அள்ளுவது, ஆர்டருக்குப் பொட்டலம் போடுவது எல்லாம் என் வேலை. அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் சித்தாள் வேலை. சாரத்தில் கல் சுமந்து சுமந்து முழங்கால் போன பிறகு இங்கே வந்தேன். இங்கேயும் சுமைதான். ஆனால் வளையல் பெட்டி செங்கல்லைவிட லேசு.

ஆஃப்ரின் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஒரு வருஷமாக அந்த மூன்றாம் மாடியில், பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் கூடப் படித்த இரண்டு பெண்களும் சேர்ந்து ஒரு ஆப் செய்துகொண்டிருந்தார்கள். போன் கேமராவைக் கைக்கு நேரே பிடித்தால் போதும். ஸ்கிரீனில் தெரிகிற கையில் வளையல் தானாக வந்து உட்காரும். கையைத் திருப்பினால் வளையலும் திரும்பும். வெளிச்சம் பட்டால் மினுங்கும். கடைக்கு வராமலே எந்த ஊரில் இருக்கிறவர்களும் போட்டுப் பார்த்து, பிடித்ததை வாங்கலாம். என்ன அளவு வேண்டும் என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

அதைச் சோதிக்கக் கைகள் வேண்டும். அவள் கை, அவள் சிநேகிதிகளின் கை, அவள் அம்மாவின் கை என்று எல்லாவற்றையும் காட்டி முடித்துவிட்டாள். அன்று நான் ஒரு பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, உங்க கையக் கொஞ்சம் காட்டுங்களேன்."

நான் தயங்கினேன். என் வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. பத்தாம் நாள் வளையலை உடைத்தார்கள். அதற்குப் பிறகு லட்சக்கணக்கான வளையலைத் தலையில் சுமந்திருக்கிறேன், ஒன்றைக்கூட மணிக்கட்டில் வைத்துப் பார்த்ததில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. "நெஜ வளையல் இல்லக்கா. வெறும் வெளிச்சம்தான்" என்றாள்.

காட்டினேன். ஸ்கிரீனில் என் கை, கறுத்து, நரம்பு புடைத்து. அதில் ஒரு டஜன் சிவப்பு வளையல் வந்து உட்கார்ந்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். கை போன பிறகும் வளையல் கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே நின்றது. பிறகு அணைந்தது.

"அது ஒரு தப்புக்கா. சரி பண்ணணும்" என்று ஆஃப்ரின் சொன்னாள். அளவைப் படித்துக் காட்டினாள். அப்போதுதான் நான் சிரித்தது.

"பாப்பா, இது எங்க அளக்குது?"

"மணிக்கட்டு."

"ஏன், வளையல் மணிக்கட்டுலேயே மொளைக்குதா? கையத் தாண்டித்தானே போகணும்?"

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக் காட்டினேன். என் மணிக்கட்டு குச்சி மாதிரி இருக்கும். கையின் எலும்பு மட்டும் பாறை மாதிரி அகன்று கிடக்கும். சட்டி சுமந்த கை எல்லாம் அப்படித்தான். தின்னது போதாமல் மணிக்கட்டு மெலியும், தூக்கித் தூக்கிக் கை அகலும். இந்த ஆப் சொல்கிற அளவில் வளையல் வாங்கினால், போட உட்காருகிற இடத்திலேயே அத்தனையும் உடையும்.

ஆஃப்ரின் என் கையையே பார்த்தாள். பிறகு மாடிப்படியில் எட்டிப் பார்த்துக் கத்தினாள். "அத்தா! மேல வாங்க!"

ஹபீபுல்லா பாய் இரைக்க இரைக்க ஏறி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பெட்டி மேல் உட்கார்ந்து சிரித்தார். "முப்பது வருஷமா வளையல் விக்கிறவன் மகளுக்கு இது தெரியல. நாலு வருஷம் இன்ஜினியரிங் வேற!"

"நீங்களும் சொல்லலியே அத்தா."

"நீ எங்க என்னைக் கேட்ட? கம்ப்யூட்டரத்தான கேட்ட?"

அந்த ஆப்பை மாற்ற மூன்று வாரம் ஆயிற்று. இப்போது கட்டைவிரலை மடக்கிக் காட்டச் சொல்லும். கை எங்கே அகலமோ அங்கே அளக்கும். என் கைக்கு ரெண்டே பத்து என்று அது முதல் தடவை சரியாகச் சொன்ன நாளில் ஆஃப்ரின் எல்லோருக்கும் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தாள். எனக்கு ஒரு வேலையும் கொடுத்தாள்.

ஐந்நூறு, அறுநூறு பேருக்கு அந்த ஆப்பை அனுப்பி, போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தாள். சிலர் கையை அதனால் கண்டுபிடிக்க முடியாது. 'கை தெரியவில்லை' என்று ஸ்கிரீனில் வரும். படத்தை எங்களுக்கு அனுப்பலாமா என்று கேட்கும். சரி என்று தொட்டால் அந்தப் படம் கடையிலிருக்கிற டேப் என்கிற பெரிய போனுக்கு வந்துவிடும். பேர், ஊர், முகம் எதுவும் வராது. கையும் ஒரு நம்பரும் மட்டும். ஏன் அந்தக் கை தெரியவில்லை என்று பார்த்து, பக்கத்துக் கட்டத்தில் எழுத வேண்டும்.

"எனக்கு எழுத்துக் கூட்டி எழுத நேரம் ஆகுமே பாப்பா."

"ஆகட்டும்க்கா. ஒங்க கண்ணுதான் வேணும். நான் பாத்தா கையிலேர்ந்து பிக்சல்தான் தெரியுது. நீங்க பாத்தா கை தெரியுது."

அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் உட்கார்ந்த வேலை. என் வாழ்க்கையில் உட்கார்ந்து செய்த முதல் வேலை அதுதான். ஒற்றை விரலால் தட்டுவேன். 'மருதாணி முழங்கை வரை'. 'மாவு பிசைந்த கை'. 'பச்சை குத்தியிருக்கு'. 'ஆறு விரல்'. ஒருத்தர் காலைக் காட்டியிருந்தார். 'கால்' என்று எழுதினேன். ஆஃப்ரின் அதைப் பார்த்து ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நான் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கிறேன். கதவைப் பூட்டினால் பூட்டினபடி, திறந்தால் திறந்தபடி. ஞாயிற்றுக்கிழமையில் பேச்சுக்கு ஆளில்லாமல் வாய் ஒட்டிப் போகும். இங்கே தினம் இருபது முப்பது கை வந்து நிற்கும். ஒவ்வொன்றாகப் பார்த்தால், யார் பாத்திரம் தேய்க்கிறவள், யார் தைக்கிறவள், யார் ஒரு வேலையும் செய்யாதவள் என்று தெரியும். நாலு வீட்டுக்குப் போய் வந்த மாதிரி இருக்கும்.

என் மகள் அனுசுயா கோயம்புத்தூரில் இருக்கிறாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடுகிற வேலைக்குப் போனவள், அங்கேயே ஒருவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல பையன். வசதியான வீடு. மாமியார் மரியாதையாகப் பேசுவார். 'வாங்க சம்பந்தி, உக்காருங்க சம்பந்தி' என்பார். உட்கார்ந்தால் எப்போது எழுந்து போவேன் என்று நானே யோசிக்கிற மாதிரி ஒரு மரியாதை.

அனுவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்தால்தான் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர முடியும். தலைப்பிரசவம் என் வீட்டில்தான் என்று நான் மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். பாலக்கரையில் பழைய சாமான் கடையில் ஒரு இரும்புக் கட்டில் வாங்கினேன். வெள்ளையடித்தேன். ஆட்டோ ஏறி இறங்காமல் நடந்தே போகிற தூரத்தில் எந்த டாக்டரம்மா இருக்கிறார் என்று விசாரித்து வைத்தேன். கடையில் பச்சையும் சிவப்புமாக மூன்று டஜன் கண்ணாடி வளையல் எடுத்து, ஒரு பெட்டியில் போட்டு, மேலே 'அனுசுயா' என்று எழுதி மேல் ரேக்கில் வைத்தேன். ரெண்டே ஆறு.

வளைகாப்பில் நான் வளையல் அடுக்க முடியாது. அது எனக்குத் தெரியும். சுமங்கலிகள் அடுக்குவார்கள். நான் பின்னால் கதவோரம் நின்றுகொள்வேன். அங்கே நின்றால் கை தெரியும். அது போதும் என்று நினைத்திருந்தேன்.

தேதியைக் கேட்டால் அனு சொல்ல மாட்டாள். "அத்தை பாத்துட்டிருக்காங்கம்மா" என்பாள். நானும் கட்டாயப்படுத்தவில்லை. ஆஃப்ரினிடம் சொல்லி அவள் போனுக்கும் ஆப்பை அனுப்பச் சொன்னேன். 'உனக்குப் பிடிச்ச வளையல் இதுல பாத்துச் சொல்லு. நம்ம வீட்டு வளையல்தான் மொதல்ல ஏறணும்' என்று மெசேஜ் போட்டேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை அவளைக் கூப்பிட்டேன். பின்னால் பாத்திரச் சத்தம், பெண்கள் சிரிக்கிற சத்தம். "வீட்டுக்கு விருந்தாளுங்க வந்திருக்காங்கம்மா, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் டேப்பைத் திறந்தேன். பதினாலு கை வந்திருந்தது. ஏழாவதாக நானூற்றுப் பதினேழு.

வலது கை. புறங்கை மேலே தெரிகிற மாதிரி பிடித்திருந்தது. முழங்கையை எட்டுகிற அளவுக்கு வளையல், கண்ணாடியும் தங்கமும் கலந்து. மணிக்கட்டில் எல்லாவற்றுக்கும் முன்னால், வேப்பங்கொழுந்தை வளைத்துக் கட்டிய காப்பு. இலை வாடிச் சுருண்டிருந்தது. விரல் இடுக்கில் காய்ந்த சந்தனம்.

வளைகாப்பு முடிந்த கை என்று எழுதப் போனேன். விரலை ஸ்கிரீனில் வைத்துவிட்டேன், அதற்குள் அந்தத் தழும்பைப் பார்த்தேன்.

சுண்டுவிரல் முட்டியிலிருந்து கீழே இறங்கும் வழவழப்பான தோல், புளியங்காய் நீளம். அனுவுக்கு நாலு வயசு இருக்கும்போது தில்லைநகரில் ஒரு கட்டட வேலை. மணல் மேட்டில் உட்கார வைத்துவிட்டுக் கல் சுமக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் நீற்றின சுண்ணாம்பில் கையை விட்டுவிட்டாள். அந்தக் கையை ஆறு மாசம் நான் மடியில் வைத்துக் கட்டுப் போட்டிருக்கிறேன். எத்தனை ஆயிரம் கைக்கு நடுவிலே போட்டாலும் அது எனக்குத் தெரியும்.

வேப்பிலை அப்படிச் சுருள மூன்று நாள் ஆகும். ஞாயிறு, திங்கள், செவ்வாய். கணக்கு சரியாக இருந்தது. அந்தப் பாத்திரச் சத்தம், அந்தச் சிரிப்பு.

கதவோரம்கூட எனக்கு இல்லை.

"என்னக்கா, மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று ஆஃப்ரின் கேட்டாள்.

"கண்ணுல தூசி பாப்பா."

"இந்த குடோன் தூசி இருக்கே, எனக்கே தும்மல் நிக்கல" என்று ஜன்னலைத் திறந்துவிட்டாள். மலைக்கோட்டைப் படியேறுகிறவர்களின் சத்தம் மேலேயிருந்து வந்தது.

அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த கைக்குப் போனேன்.

வியாழக்கிழமை அதே நம்பரில் இன்னொரு படம். ஒரே போனிலிருந்து வந்தால் அதே நம்பர்தான் வரும். வெள்ளிக்கிழமை இன்னொன்று. அவள் தினமும் கையைக் காட்டியிருக்கிறாள். அதுவும் தினமும் 'கை தெரியவில்லை' என்றிருக்கிறது. கட்டைவிரலை மடக்கியும் காட்டியிருந்தாள், பாவம். அவ்வளவு வளையல் கிடந்தால் அது எங்கே தெரியப் போகிறது.

கோபம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மத்தியானம் எப்போது வரும் என்றும் இருந்தது. ஒன்றரை வருஷமாக நான் தொடாத கை, தினம் இரண்டு மணிக்கு என் முன்னால் வந்து நிற்கிறது. வேறு யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. காரணத்தை எழுதினால் ஆஃப்ரின் அந்தத் தப்பைச் சரி செய்துவிடுவாள். பிறகு ஆப் அந்தக் கையைக் கண்டுகொள்ளும். கண்டுகொண்டால் படம் இங்கே வராது. கட்டத்தைக் காலியாகவே விட்டேன்.

திங்கட்கிழமை வந்த படத்தை முதல் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதல் படத்தில் வளையலுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் இடம் இருந்தது. இதில் இல்லை. கண்ணாடி வளையல் சதையில் அழுந்திக் கோடு போட்டிருந்தது. மோதிர விரலில் மோதிரம் பாதிதான் தெரிந்தது, மீதி சதைக்குள். தழும்பின் தோல்கூட இழுத்துப் பிடித்த மாதிரி பளபளத்தது. மாசமாக இருந்தால் கை கொஞ்சம் ஊதும்தான். ஆனால் அஞ்சாறு நாளில் இப்படியா?

என்னோடு சித்தாள் வேலை பார்த்த ஒருத்திக்கு எட்டாம் மாசத்தில் இப்படித்தான் கையும் முகமும் வீங்கியது. நீர் இறங்கியிருக்கிறது, வடிந்துவிடும் என்றார்கள். நாலாம் நாள் வேலையிடத்திலேயே வலிப்பு வந்து விழுந்தாள். அவளும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை.

அப்போதே சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் நிற்கிற இடத்தில், ஒரு தூணில் சாய்ந்து நின்று போன் போட்டேன். படத்தைப் பார்த்தது தெரியாத மாதிரியே கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அனு, அந்த ஆப்புல வளையல் பாத்தியா?"

"பாக்கறேன்மா. தெனம் பாக்கறேன். அது கையே தெரியலங்குது."

"தெரியலன்னா எதுக்குத் தெனம் பாக்கற?"

"சும்மாதான். நீ வேலை செய்யற எடம்னு."

ஒரு கண்டக்டர் 'ஸ்ரீரங்கம், ஸ்ரீரங்கம்' என்று காதுக்குப் பக்கத்தில் கத்திக்கொண்டு போனார்.

"தலைவலி இருக்கா?"

"லேசா. ரெண்டு நாளா. ஏன்மா?"

"கண்ணு மங்குதா?"

"காலைல எந்திரிக்கும்போது பூச்சி பறக்கற மாதிரி... ஏன் இதெல்லாம் கேக்கற?"

"மோதிரம் கழட்ட வருதா?"

போனில் வளையல் உரசுகிற சத்தம் கேட்டது.

"மோதிரம் உனக்கெப்படிம்மா தெரியும்? அது அத்தை போன வாரம்தான போட்டாங்க."

"கையப் பாத்தேன்டி. நீ அனுப்பற படமெல்லாம் எங்கிட்டத்தான் வருது."

அவள் அவசர அவசரமாகச் சொன்னாள். "அம்மா, அத்தைதான் வீட்டோட சிம்பிளா முடிச்சுக்கலாம்னு... ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியாம... நான் சொன்னேம்மா. அவங்கதான் நீ வந்தா ஒனக்கே சங்கடம்னு..."

"நான் அதக் கேக்கல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ. மாப்பிள்ளை வர்ற வரைக்கும் உக்காந்திருக்காத. பிரஷர் பாக்கச் சொல்லு. மோதிரத்த வெட்டி எடுக்கச் சொல்லு. கண்ணாடி வளையல் ரொம்ப அழுத்தினா அதையும் எடுக்கச் சொல்லு, பரவால்ல. சாமி ஒண்ணும் சொல்லாது."

"அம்மா..."

"பஸ் வந்துருச்சு. போயிட்டு ஒரு மெசேஜ் போடு."

பஸ் வரவில்லை. வந்த பிறகும் இரண்டை விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சோறு வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். மெசேஜ் வந்தது. 'பிரஷர் ரொம்ப அதிகம். அட்மிட் பண்ணிட்டாங்க. மருந்து ஏறுது. குழந்தை நல்லா இருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கஷ்டமாயிருக்கும்னு டாக்டர் சொன்னாங்க.' எழுத்துக் கூட்டி நாலு தடவை படித்தேன். 'நான் வரட்டுமா' என்று போட்டேன். கொஞ்சம் நேரம் கழித்துப் பதில் வந்தது. 'அத்தை கூட இருக்காங்கம்மா. பிரசவம் வரைக்கும் எங்கயும் போகக் கூடாதாம். கோயம்புத்தூர்லயேதான். நீ அலையாத.'

எங்கேயும் போகக் கூடாது என்றால் இங்கேயும்தான். அது புரிய கொஞ்சம் நேரம் ஆயிற்று. கட்டிலைப் பார்த்தேன். வாங்கின நாளிலிருந்து அதில் நான் படுத்ததில்லை. அன்றும் கீழேதான் படுத்தேன்.

மறுநாள் ஆஃப்ரின் மேசைக்கு வந்து டேப்பைத் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, நானூத்திப் பதினேழு மட்டும் காலியா கெடக்கே. அஞ்சு படம் வந்திருக்கு!"

"பாத்துட்டிருக்கேன் பாப்பா."

"ஒரு வாரமாவா? என்னக்கா, அந்தக் கை மேல லவ்வா?"

"ஆமா."

அவள் சிரித்துக்கொண்டே கீழே போனாள். நான் டேப்பை மடியில் வைத்துக்கொண்டேன்.

இன்னும் இரண்டு மாசம் காலியாக விடலாம். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மறுபடி கையைக் காட்டுவாள். கை வடிந்ததா என்று நான் பார்த்துக்கொள்ளலாம். அது ஒன்றும் பெரிய ஆசை இல்லை. ஆனால் அவள் சொன்னது காதிலேயே நின்றது. தெனம் பாக்கறேன், நீ வேலை செய்யற எடம்னு. நான் வேலை செய்கிற இடத்திலிருந்து அவளுக்கு என்ன பதில் போயிருக்கிறது? தினம் ஒரு தடவை, 'கை தெரியவில்லை'. கதவைத் தட்டத் தட்ட உள்ளேயிருந்து யாரென்று தெரியாது என்று சொல்கிற மாதிரி. நான் உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன்.

ஒற்றை விரலால் எழுதினேன். 'வேப்பங்கொழுந்துக் காப்பு. முழங்கை வரை வளையல். சந்தனம். வளைகாப்பு ஆன கை. கழற்றிவிட்டுக் காட்டு என்று கேட்கக் கூடாது. பிரசவம் வரை கழற்ற மாட்டார்கள். கை வீங்கியிருந்தால் அளவு சொல்ல வேண்டாம். டாக்டரிடம் காட்டு என்று சொல்லவும்.'

ஆஃப்ரின் இரண்டு தடவை படித்தாள். "கடைசி லைன ஆப்ல போட முடியாதுக்கா. நாம டாக்டர் இல்ல. ஆனா மத்ததெல்லாம்... எனக்குத் தோணவே இல்ல. வளையல் வாங்கறதே அவங்கதான நெறையப் பேரு! வளையலோட வர்ற கையத் தெரியலன்னு தொரத்திட்டிருந்திருக்கோம்."

பத்து நாள் அதில் உட்கார்ந்தார்கள். நான் கடைப் பெண்களின் கையில் வேப்பங்கொழுந்து கட்டி, சந்தனம் பூசி, வளையல் அடுக்கிக் கொடுத்தேன். அடுக்கியது எல்லாம் பொம்மை வளைகாப்பு, அதனால் என் கை பட்டதை யாரும் தோஷமாகப் பார்க்கவில்லை. ஒருத்தி 'புள்ள எப்பக்கா பொறக்கும்?' என்று கேட்டாள். 'மொதல்ல மாப்பிள்ளையத் தேடு' என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆப் சரியாகிவிட்டது. அந்த நம்பர் அதற்குப் பிறகு வரவில்லை. அனு இரண்டு நாளுக்கு ஒரு தடவை மெசேஜ் போடுகிறாள். பிரஷர் இறங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டாள். 'அம்மா, இப்ப ஆப்ல கை தெரியுது' என்று ஒரு நாள் போட்டிருந்தாள். 'சரி' என்று போட்டேன்.

பட்டியல் நாளுக்கு நாள் சுருங்கிவிட்டது. ஒரு நாளைக்கு மூன்று கை, நாலு கை. உட்கார்ந்த வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மறுபடி பெட்டி ஏற்றுகிறேன்.

போன வாரம் ஹபீபுல்லா பாய் மேல் ரேக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "வீரம்மா, மகளுக்கு எப்ப வளைகாப்பு? எங்களையெல்லாம் கூப்பிட மாட்டியா?"

"ஆயிருச்சு பாய். வீட்டோட முடிச்சுக்கிட்டாங்க."

அவர் பெட்டியில் எழுதியிருந்த பேரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நல்லபடியாப் பெத்து எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பாதிப் படியில் நின்று, "அந்தப் பெட்டி அங்கயே இருக்கட்டும், சரக்குல சேக்காத" என்றார்.

அங்கேதான் இருக்கிறது. பிரசவம் ஆனால் வீக்கம் வடிந்துவிடும். மறுபடி ரெண்டே ஆறுதான் அவளுக்கு.

நேற்று மாலை மக்ரிப் தொழுகைக்குப் பாய் பள்ளிவாசலுக்குப் போனார். ஆஃப்ரின் கீழே தொழப் போனாள். மாடியில் நான் மட்டும். டேப் திறந்தபடி கிடந்தது. கட்டைவிரலை மடக்கிக் கையை அதன் முன்னால் நீட்டினேன். ரெண்டே பத்து என்றது. சிவப்பு வளையல் ஒரு டஜன் வந்து உட்கார்ந்தது. இந்தத் தடவை கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். கையைத் திருப்பிப் பார்த்தேன். சத்தம் மட்டும் இல்லை.

கீழே படியில் காலடி கேட்டது. கையை இழுத்துக்கொண்டேன். முன்னே மாதிரி வளையல் அந்தரத்தில் நிற்கவில்லை. அந்தத் தப்பையும் அவள் சரி செய்துவிட்டிருந்தாள்.